எல்டிஆரும் ஆர்டுயினோ ஊனோவும்: வெளிச்சத்தை அளக்க ஒரு வழிகாட்டி

எல்டிஆர் என்பது வெளிச்சத்தை உணரும் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை தரும் சிறு பாகம். அதன் மீது வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும்; இருட்டில் கூடும். ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் போர்டுக்கு மின்தடையை நேரடியாக அளக்கத் தெரியாது, மின்னழுத்தத்தைத்தான் அளக்கத் தெரியும். அதனால் எல்டிஆருடன் ஒரு சாதாரண ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, இரண்டும் சேரும் இடத்தில் உள்ள மின்னழுத்தத்தைப் போர்டுக்குக் கொடுக்கிறோம். போர்டு அதை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்லும்.

அந்த எண் திரையில் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகப் புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அளவீடு அங்கேதான் தொடங்குகிறது. 600 என்று வந்தால் 300 வந்தபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் என்று பொருள் இல்லை. வழக்கமான எல்டிஆரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால், 300-லிருந்து 600-க்குப் போக வெளிச்சம் ஏறக்குறைய 6 மடங்கு கூட வேண்டும். 600-லிருந்து 900-க்குப் போக 10 மடங்கு கூட வேண்டும். இந்த எண்ணை எப்படி வாங்குவது, அதை வெளிச்சமாக எப்படி மாற்றுவது, அந்த மாற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்ற மூன்றையும் பார்ப்போம்.

வாங்க வேண்டியவை

ஆர்டுயினோ ஊனோ அல்லது அதே போன்ற போர்டு ஒன்று, அதற்கான யூஎஸ்பி கேபிள், சிறிய பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), ஜம்பர் வயர்கள் நான்கைந்து, 5 மில்லிமீட்டர் எல்டிஆர் இரண்டு, ரெசிஸ்டர்களில் 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு. மல்டிமீட்டர் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். கடன் வாங்கியாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்டிஆர் மிக மலிவான பொருள். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் உதிரியாகவே கிடைக்கும். ஜிஎல்5528 என்று கேட்டு வாங்குங்கள். ஜிஎல்5516, ஜிஎல்5537, ஜிஎல்5539, ஜிஎல்5549 என்று இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே தோற்றம். எதன்மீதும் எண் அச்சிட்டிருக்காது. கடையில் டப்பா மாறினால் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஜிஎல்5528-க்கு 10 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் சுமார் 10 முதல் 20 கிலோ ஓம் இருக்கும். இருட்டில் 1 மெகா ஓமைத் தாண்டும். 10 லக்ஸ் என்றால் மங்கலான தெருவிளக்கின் அடியில் இருக்கும் வெளிச்சம். ஒரே வகையிலேயே ஒன்று 10, இன்னொன்று 20 என்று இரண்டு மடங்கு வேறுபாடு அனுமதிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இணையத்தில் யாரோ எழுதி வைத்த லக்ஸ் சூத்திரம் உங்கள் கையில் உள்ள எல்டிஆருக்குப் பொருந்தாமல் போக இதுவே முதல் காரணம்.

முதலில் எல்டிஆரைத் தனியாகச் சோதியுங்கள்

மல்டிமீட்டரை மின்தடை வரம்பில் (வெளிச்சத்தில் 20 கிலோ ஓம், இருட்டில் 2 மெகா ஓம்) வைத்து, எல்டிஆரின் இரண்டு கால்களிலும் முனைகளைப் பிடியுங்கள். எல்டிஆருக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது. எப்படி வைத்தாலும் சரி. ஜன்னல் பக்கம் திருப்பினால் சில நூறு ஓம் அல்லது ஓரிரு கிலோ ஓம் காட்ட வேண்டும். கறுப்புத் துணியால் நன்றாக மூடினால் பல நூறு கிலோ ஓமுக்கு ஏற வேண்டும்.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாறலாம். கால்களையும் மீட்டர் முனைகளையும் வெறும் விரலால் சேர்த்துப் பிடித்தால் உங்கள் உடலின் மின்தடையும் பக்கவாட்டில் சேர்ந்துகொள்ளும். இருட்டில் வர வேண்டிய பெரிய எண் வராது. இன்னொன்று, விரலால் மூடுவதை இருட்டு என்று நினைப்பது. விரல் வழியாகவும் பின்பக்கம் வழியாகவும் வெளிச்சம் கசியும். உண்மையான இருட்டு வேண்டுமானால் மூடியுள்ள தகர டப்பாவுக்குள் வைத்துப் பாருங்கள். மூடியவுடன் எண் நின்றுவிடாது, பல நொடிகளுக்கு மெல்ல ஏறிக்கொண்டே போகும். அது எல்டிஆரின் இயல்பு, மீட்டரின் கோளாறு அல்ல.

இணைப்பு

யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள்.

1. எல்டிஆரின் இரண்டு கால்களையும் பிரெட்போர்டின் இரண்டு வேறு வரிசைகளில் செருகுங்கள். நடுப்பள்ளத்தின் ஒரு பக்கத்தில் ஒரே வரிசையில் உள்ள ஐந்து துளைகளும் உள்ளே இணைந்தவை. இரண்டு கால்களையும் அதே ஐந்துக்குள் செருகினால் எல்டிஆர் இல்லாததற்குச் சமம்.

2. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலை, எல்டிஆரின் இரண்டாவது கால் இருக்கும் வரிசையில் செருகுங்கள். மற்றொரு கால் தனி வரிசைக்குப் போகட்டும். நான்கு பட்டை ரெசிஸ்டரில் 10 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. ஐந்து பட்டையானால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு. நான்கு பட்டையில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வந்தால் அது 1 கிலோ ஓம். மஞ்சள் விளக்கின் கீழ் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோல் தெரியும். சந்தேகம் வந்தால் மீட்டரால் அளந்துவிடுங்கள்.

3. எல்டிஆரின் முதல் கால் உள்ள வரிசையிலிருந்து போர்டின் 5 வோல்ட் பின்னுக்கு (பின் என்பது போர்டின் ஓரத்தில் வயர் செருகும் இடம்) ஒரு வயர்.

4. ரெசிஸ்டரின் தனிக் கால் உள்ள வரிசையிலிருந்து ஜிஎன்டி (கிரவுண்ட், 0 வோல்ட்) பின்னுக்கு ஒரு வயர்.

5. எல்டிஆரும் ரெசிஸ்டரும் சந்திக்கும் வரிசையிலிருந்து ஏ0 (மின்னழுத்தத்தைப் படிக்கும் அனலாக் பின்) பின்னுக்கு ஒரு வயர்.

இந்த அமைப்பில் வெளிச்சம் கூடினால் எண் கூடும். எல்டிஆரையும் ரெசிஸ்டரையும் இடம் மாற்றினால் எண் தலைகீழாக ஓடும். அதுவும் தவறல்ல, ஆனால் கீழே வரும் கணக்கு முழுவதும் எல்டிஆர் 5 வோல்ட் பக்கம் இருப்பதாக வைத்தே சொல்லப்படுகிறது.

ரெசிஸ்டரை விட்டுவிட்டு எல்டிஆரை மட்டும் 5 வோல்ட்டுக்கும் ஜிஎன்டிக்கும் நடுவே இணைத்துவிடாதீர்கள். நேர் வெயிலில் எல்டிஆரின் மின்தடை சில பத்து ஓம் வரை இறங்கும். 25 ஓம் என்று வைத்தால் அதில் 1 வாட் வெப்பம் உண்டாகும். ஜிஎல்5528 தாங்குவதோ 0.1 வாட்தான். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராக இருக்கும்போது, எவ்வளவு வெளிச்சமானாலும் எல்டிஆரில் 1 மில்லிவாட்கூட உண்டாகாது.

முதல் எண்ணைப் பார்ப்பது

இதற்கு நிரல் எழுத வேண்டியதே இல்லை. போர்டுக்கு நிரல் ஏற்றும் கணினி மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ-யில் ஃபைல் மெனுவுக்குப் போய் எக்ஸாம்பிள்ஸ், அதற்குள் 01.பேசிக்ஸ், அதற்குள் அனலாக்ரீட்சீரியல் என்பதைத் திறங்கள். ஏ0 பின்னைப் படித்து, அந்த எண்ணைக் கணினிக்கு அனுப்பும் நிரல் அது. கடைசியில் உள்ள டிலே வரியில் 1 என்று இருப்பதை 200 என்று மாற்றுங்கள்; இல்லாவிட்டால் எண்கள் படிக்க முடியாத வேகத்தில் ஓடும். டூல்ஸ் மெனுவில் போர்டு ஆர்டுயினோ ஊனோ என்றும், போர்ட் உங்கள் கேபிள் செருகிய இடம் என்றும் தேர்ந்தெடுத்து அப்லோடு செய்யுங்கள். பிறகு சீரியல் மானிட்டரைத் திறந்து வேகத்தை 9600 என வையுங்கள்.

போர்ட் பட்டியலே காலியாக இருந்தால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரம் போக மட்டுமே கம்பி இருக்கும், தகவல் போகக் கம்பி இருக்காது. போர்டின் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கேபிள் சரிதான் என்றால் அடுத்தது டிரைவர் (போர்டைக் கணினி அடையாளம் காண உதவும் மென்பொருள்): மலிவு விலை ஊனோ போர்டுகள் பலவற்றில் சிஎச்340 சிப் இருக்கும்; சில கணினிகளில் அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். லினக்ஸில் போர்ட் தெரிந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், பல பதிப்புகளில் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து மறுபடி உள்நுழைந்தால் சரியாகும். எண்களுக்குப் பதில் கிறுக்கல் வந்தால் 9600 என்ற வேகம் பொருந்தவில்லை.

எண்கள் வர ஆரம்பித்ததும் எல்டிஆரைக் கையால் மறைத்துப் பாருங்கள். எண் இறங்கி, கையை எடுத்ததும் ஏறினால் இணைப்பு சரி.

எப்போதும் 1023-லேயே நின்றால் எல்டிஆரின் இரண்டு கால்களும் ஒரே வரிசையில் இருக்கின்றன, அல்லது ரெசிஸ்டர் ஜிஎன்டியைத் தொடவில்லை. எப்போதும் 0 என்றால் 5 வோல்ட் வயர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது ரெசிஸ்டரின் இரண்டு கால்களும் ஒரே வரிசையில் இருக்கலாம். வெளிச்சத்துக்குச் சம்பந்தமில்லாமல் எண்கள் அலைந்துகொண்டே இருந்தால், வயர் அருகே கை கொண்டுபோகும்போதே மாறினால், ஏ0 வயர் எதையும் தொடாமல் தொங்குகிறது என்று பொருள். நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து நீளக்கோடுகள் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியில் கொடுத்த 5 வோல்ட் மறுபாதிக்குப் போகாது. மணிக்கணக்கில் தேட வைக்கும் கோளாறு இது.

எண்ணிலிருந்து மின்தடைக்கு

வந்த எண்ணை அப்படியே பயன்படுத்தாதீர்கள். முதலில் எல்டிஆரின் மின்தடையாக மாற்றுங்கள்:

எல்டிஆர் மின்தடை = நிலையான ரெசிஸ்டர் × (1023 − எண்) ÷ எண்

10 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் 600 வந்தால், 10000 × 423 ÷ 600 = 7050 ஓம்.

இந்தக் கணக்கில் 5 வோல்ட் எங்குமே வரவில்லை என்பது மிகவும் உதவியான விஷயம். யூஎஸ்பி மின்னழுத்தம் கணினிக்குக் கணினி மாறும், 4.8 வோல்ட்டும் வரலாம், 5.1-ம் வரலாம். ஆனால் எல்டிஆருக்குக் கொடுப்பதும், போர்டு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதே மின்னழுத்தம்தான். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் விகிதம் மாறாது. எண்ணை வோல்ட்டாக மாற்றி எழுதும் பழக்கத்தால் இந்த நன்மை கைவிட்டுப் போகிறது. வோல்ட் இங்கே தேவையே இல்லை.

நிலையான ரெசிஸ்டரை மட்டும் மல்டிமீட்டரால் அளந்து, உண்மையான மதிப்பைக் கணக்கில் போடுங்கள். தங்கப் பட்டை உள்ளது 5 சதவீதம் வரை விலகியிருக்கலாம்.

நிரலில் எழுதும்போது மூன்று பள்ளங்கள் உள்ளன. ஊனோவில் இன்ட் (முழு எண்) வகை மாறி 32767 வரைதான் கொள்ளும். 10000 × 423 என்பது 42 லட்சத்துக்கு மேல். இன்ட்டாகப் பெருக்கினால் எண் சுற்றிக்கொண்டு அபத்தமான விடை வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. 10000 என்பதற்குப் பதில் 10000.0 என்று எழுதி, விடையை ஃப்ளோட் (தசம எண்) மாறியில் வாங்குங்கள். அடுத்தது, முழு இருட்டில் எண் 0 ஆனால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். எண் 0 என்றால் 1 என்று வைத்துக்கொள்ள ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூன்றாவது, சராசரிக்காகப் பல எண்களைக் கூட்டும்போது அந்தக் கூட்டுத்தொகை லாங் (பெரிய முழு எண்) வகையில் இருக்க வேண்டும். 1023-ஐ 33 முறை கூட்டினாலே இன்ட் நிரம்பிவிடும்.

எந்த ரெசிஸ்டர்?

எல்லாப் பாடங்களிலும் 10 கிலோ ஓம் என்றே இருக்கும். அது அறை வெளிச்சத்துக்கும் அதற்குக் கீழும் நல்ல தேர்வு. வெயிலுக்கு மோசமான தேர்வு. 10 லக்ஸில் 15 கிலோ ஓம் காட்டும், காமா 0.7 உள்ள ஓர் எல்டிஆருக்குக் கணக்கிட்டால் எண்கள் இப்படி வரும். (வெளிச்சம் கூடும்போது மின்தடை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதைச் சொல்வது காமா.)

1 லக்ஸ்: 10 கிலோ ஓமுடன் 120, 1 கிலோ ஓமுடன் 13
10 லக்ஸ்: 409, 64
100 லக்ஸ்: 787, 256
1000 லக்ஸ்: 965, 641
10,000 லக்ஸ்: 1011, 914
1,00,000 லக்ஸ்: 1021, 999

1,00,000 லக்ஸ் என்பது உச்சி வெயில். 10,000 லக்ஸ் என்பது வெயில் படாத, திறந்த வெளியின் பகல் வெளிச்சம். இந்த இரண்டுக்கும் நடுவே 10 மடங்கு இடைவெளி இருந்தும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் காட்டும் வித்தியாசம் வெறும் 10 எண். மாடித் தோட்டத்தில் எந்த மூலைக்கு வெயில் அதிகம் என்று பார்க்க நினைப்பவர், எல்லா மூலையிலும் 1015 என்று கண்டு எல்டிஆர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது இதனால்தான்.

சரியான ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்க எளிய வழி உண்டு. நீங்கள் அளக்கப்போகும் இடத்தில் மிகக் குறைந்த வெளிச்சத்திலும் மிக அதிக வெளிச்சத்திலும் எல்டிஆரின் மின்தடையை மல்டிமீட்டரால் அளங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதற்கு அருகில் கடையில் கிடைக்கும் ரெசிஸ்டரே உங்களுக்கு உகந்தது. படிக்கும் மேசையில் 20 முதல் 1000 லக்ஸ் வரை அளக்க வேண்டும் என்று வையுங்கள். மேலே சொன்ன எல்டிஆர் அங்கே சுமார் 9200 ஓமிலிருந்து 600 ஓம் வரை போகும். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2350. அருகில் உள்ளது 2.2 கிலோ ஓம், நான்கு பட்டையில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அதைப் போட்டால் எண் 197-லிருந்து 805 வரை விரியும். 10 கிலோ ஓமானால் 532-லிருந்து 965 வரைதான்.

நேர் வெயிலுக்கு 470 ஓம் போடலாம். அதற்கும் கீழே 100 ஓம் வரை போனால் எல்டிஆரில் 60 மில்லிவாட்டுக்கு மேல் உண்டாகி அதுவே சூடாகும், அளவும் நகரும். வெயிலைக் குறைப்பதே மேல்: எல்டிஆர் மீது பால் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். அதனால் இன்னொரு பயனும் உண்டு. வெறும் எல்டிஆர் நேரே வரும் வெளிச்சத்தை நன்றாகவும் பக்கவாட்டு வெளிச்சத்தைக் குறைவாகவும் பார்க்கும். சற்றுச் சாய்ந்தாலே எண் மாறும். மூடி, எல்லாப் பக்கத்து வெளிச்சத்தையும் கலந்து கொடுக்கும். மூடி போடுவதாக இருந்தால் அளவுத்திருத்தத்துக்கு (தெரிந்த வெளிச்சத்துடன் ஒப்பிட்டுச் சரிசெய்வதற்கு) முன்பே போட்டுவிடுங்கள், பிறகு கழற்றக் கூடாது.

மறுபக்கம், மிக மங்கலான வெளிச்சத்துக்காக 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டால் வேறு சிக்கல் வரும். ஊனோவின் சிப்பான ஏடிமெகா328பி, தனக்கு வரும் மூலத்தின் மின்தடை சுமார் 10 கிலோ ஓமுக்குள் இருந்தால்தான் வேகமாகச் சரியாகப் படிக்கும். அதைத் தாண்டும்போது, முக்கியமாக வேறு அனலாக் பின்களையும் மாறி மாறிப் படிக்கும்போது, முந்தைய பின்னின் சாயல் இதில் ஏறும். ஏ0-வுக்கும் ஜிஎன்டிக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் சரியாகும். பால்கனிக்கு நீள வயர் இழுப்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

எண் ஏன் ஆடுகிறது?

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கின் வெளிச்சம் அதன் இரு மடங்கு வேகத்தில், நொடிக்கு 100 முறை, ஏறி இறங்கும். மலிவான எல்இடி பல்புகளில் இது அதிகம். எல்டிஆர் மெதுவானது, ஏறவும் இறங்கவும் 20, 30 மில்லிசெகண்ட் எடுக்கும். அதனால் துடிப்பில் பெரும்பகுதி மழுங்கிப்போனாலும் மிச்சம் தெரியும். ஒவ்வொரு முறையும் துடிப்பின் வேறு வேறு இடத்தில் படிப்பதால் எண் 5, 10 என ஆடுகிறது.

பத்து முறை படித்துச் சராசரி எடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஊனோ ஒரு முறை படிக்க சுமார் 0.1 மில்லிசெகண்ட்தான் ஆகும். பத்து முறை அடுத்தடுத்துப் படித்தால் 1 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். துடிப்பின் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. எத்தனை முறை படிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் படிக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். தொடக்க நேரத்தை மில்லிஸ் ஃபங்ஷன் மூலம் குறித்துக்கொண்டு, 100 மில்லிசெகண்ட் ஆகும்வரை படித்துக் கூட்டிக்கொண்டே போங்கள், எத்தனை முறை படித்தோம் என்பதையும் எண்ணுங்கள், கடைசியில் வகுங்கள். 100 மில்லிசெகண்டில் பத்து முழுத் துடிப்புகள் அடங்கும், ஏற்ற இறக்கம் தானே சமன் ஆகிவிடும். கூட்டுத்தொகைக்கு லாங் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

லக்ஸாக மாற்றுவது

மின்தடைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு:

லக்ஸ் = தெரிந்த லக்ஸ் × (அந்த லக்ஸில் மின்தடை ÷ இப்போதைய மின்தடை) என்பதன் (1 ÷ காமா) அடுக்கு

இதில் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: காமா, மற்றும் ஏதாவது ஒரு வெளிச்சத்தில் உங்கள் எல்டிஆரின் மின்தடை. ஜிஎல்5528-க்கு 0.6, 0.7 என்று இடத்துக்கு இடம் காமா போட்டிருப்பார்கள். அதை நம்பாமல் வீட்டிலேயே அளந்துவிடலாம், லக்ஸ் மீட்டர் இல்லாமலே.

இரவில், ஓர் அறையில் ஒரே ஒரு எல்இடி பல்பை மட்டும் எரியவிடுங்கள். எரியத் தொடங்கியதும் சூடேறச் சூடேற வெளிச்சம் சற்றுக் குறையும் என்பதால் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். எல்டிஆரைப் பல்பை நேராகப் பார்க்கும்படி 50 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மின்தடையைக் குறியுங்கள். பிறகு அதே திசையில் 158 சென்டிமீட்டருக்குத் தள்ளி, மறுபடி ஒரு நிமிடம் பொறுத்துக் குறியுங்கள். தூரம் 3.16 மடங்கு ஆனால் வெளிச்சம் 10-ல் ஒரு பங்காகும்; தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறைவதே காரணம். எனவே, தூரத்து மின்தடையைக் கிட்டத்து மின்தடையால் வகுத்து 10 அடிமான மடக்கை எடுத்தால் அதுவே காமா. கிட்டத்தில் 2100 ஓம், தூரத்தில் 10,500 ஓம் என்றால் விகிதம் 5, காமா 0.70.

இந்தச் சோதனையைக் கெடுப்பது சுவர். வெள்ளைச் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம், தூரத்து அளவைக் கூட்டிக் காட்டும். காமா குறைவாக வரும். எல்டிஆரைச் சுற்றிக் கறுப்புத் தாளைக் குழாய்போல் சுருட்டி, பல்பு மட்டும் தெரியும்படி செய்யுங்கள். இரண்டு தூரத்திலும் அதே குழாய் இருக்கட்டும். கணினித் திரையைத் திருப்பி வையுங்கள், அதுவும் ஒரு விளக்குதான். பால் வெள்ளை மூடி போட்டிருந்தாலும் குழாயை வைத்தே இதைச் செய்யலாம். காமா எல்டிஆரின் குணம், மூடியால் மாறாது.

இனி ஒரே ஒரு தெரிந்த புள்ளி போதும். பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் லக்ஸ் மீட்டர் இருந்தால், அதன் தலையையும் எல்டிஆரையும் ஒரே உயரத்தில், ஒரே திசையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை ஒப்பிடுங்கள். ஒப்பிடும் முன் கறுப்புக் குழாயை எடுத்துவிடுங்கள். மீட்டர் 240 லக்ஸ், எல்டிஆர் 1600 ஓம் என்று வந்தால் உங்கள் சூத்திரம்: 240 × (1600 ÷ மின்தடை) என்பதன் 1.43 அடுக்கு. நிரலில் பவ் ஃபங்ஷன் இந்த அடுக்கைக் கணக்கிடும். மீட்டர் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனின் ஒளி உணரியைக் காட்டும் செயலியை வைத்து ஒப்பிடலாம். போனுக்குப் போன் அது மாறும் என்பதால் அப்படி வந்ததைத் தோராய லக்ஸ் என்றே குறிப்பிடுங்கள். ஒப்பிட எதுவுமே இல்லையென்றால், மேசை விளக்கின் கீழ் உள்ள வெளிச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் பங்காகச் சொல்லுங்கள். பொய்யான லக்ஸைவிட நேர்மையான விகிதம் பயன்படும்.

எவ்வளவு நம்பலாம்?

காமா என்பது வழக்கமாக 10 முதல் 100 லக்ஸ் வரைக்குமான சாய்வு. அதைத் தாண்டிப் போகப் போகச் சூத்திரம் விலகும். வெயிலில் அளக்க வேண்டுமானால் தெரிந்த புள்ளியையும் பகல் வெளிச்சத்திலேயே எடுங்கள்.

எல்டிஆருக்குப் பழைய நினைவு உண்டு. பல மணி நேரம் இருட்டுப் பெட்டியில் கிடந்ததும், பல மணி நேரம் வெளிச்சத்தில் இருந்ததும் ஒரே வெளிச்சத்தில் ஒரே மின்தடையைக் காட்டாது. அளக்கும் முன் அறை வெளிச்சத்தில் ஓரிரு மணி நேரம் வைத்திருப்பது நல்லது. நிறமும் குறுக்கிடும். இதன் உள்ளே உள்ள காட்மியம் சல்ஃபைடு, 540 நானோமீட்டர் அளவில், அதாவது பச்சை நிறத்தில், அதிகமாக உணரும். மனிதக் கண்ணின் உச்சம் 555 நானோமீட்டர். உச்சங்கள் நெருக்கம் என்றாலும் சிவப்பிலும் நீலத்திலும் இரண்டும் ஒரே மாதிரி உணர்வதில்லை. வெள்ளை எல்இடியில் அளவுத்திருத்தம் செய்துவிட்டுப் பழைய குண்டு பல்பின் கீழ் அளந்தால் எண் தவறும். இவையெல்லாம் சேர்ந்து 10, 20 சதவீதப் பிழையை எதிர்பார்த்தே வேலை செய்யுங்கள். படிக்கும் மேசையில் வழக்கமாகச் சொல்லப்படும் 300 முதல் 500 லக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க இது போதும். புகைப்படத் துறைக்கோ ஆய்வறிக்கைக்கோ போதாது.

இருட்டானால் விளக்கு

அளவிடுவதை விட்டு, இருட்டினால் விளக்கை எரிய வைக்க மட்டும் வேண்டுமென்றால் லக்ஸ் கணக்கே தேவையில்லை; ஓர் எல்லை எண் போதும். ஆனால் ஒரே எல்லை வைத்தால், அந்தி நேரத்தில் எண் எல்லைக்கு மேலும் கீழுமாக ஆடும்போது விளக்கும் அணைந்து அணைந்து எரியும். இரண்டு எல்லை வையுங்கள்: 200-க்குக் கீழே போனால் எரியட்டும், 300-க்கு மேலே வந்தால் மட்டும் அணையட்டும், இரண்டுக்கும் நடுவே என்றால் ஏற்கெனவே இருந்த நிலையே தொடரட்டும். அந்த விளக்கின் வெளிச்சமே எல்டிஆர் மீது படும்படி வைத்தால் எந்த எல்லையும் உதவாது. விளக்கு எரிந்ததும் பகல் என்று நினைத்து அணைக்கும், அணைந்ததும் இரவு என்று நினைத்து எரிக்கும். விளக்குக்கு முதுகு காட்டி எல்டிஆரை வையுங்கள். பழகும்வரை போர்டில் உள்ள எல்இடியை வைத்தே சோதியுங்கள். 230 வோல்ட் விளக்கை ரிலேயுடன் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இணைக்கும் வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வேறு போர்டு, வேறு உணரி

வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 என்ற போர்டில் 5 வோல்ட்டை அனலாக் பின்னுக்குக் கொடுத்தால் சிப் போய்விடும். எல்டிஆரின் மேல் காலை 3.3 வோல்ட் பின்னில் இணையுங்கள். எண் 0 முதல் 4095 வரை வரும், சூத்திரத்தில் 1023-க்குப் பதில் 4095. இரு முனைகளிலும் அதன் அளவு நேர்கோட்டில் இருக்காது என்பதால் எண் நடுப்பகுதியில் விழும்படி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுப்பது இங்கே இன்னும் முக்கியம். வைஃபை ஓடும்போது 32 முதல் 39 வரையிலான எண்களில் உங்கள் போர்டில் வெளியே வந்திருக்கும் பின்களையே பயன்படுத்துங்கள்; இரண்டாவது அனலாக் தொகுதியைச் சேர்ந்த பின்கள் அப்போது நம்பகமாகப் படிக்காது.

நீல நிறச் சிறு பலகையில் எல்டிஆருடன் எல்எம்393 சிப் சேர்த்து விற்கும் மாட்யூல் வாங்கியிருந்தால், அதில் ஏஓ (அனலாக் வெளியீடு) என்ற பின் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பின் மட்டும் உள்ளதில் பெரும்பாலும் டிஓ மட்டும் இருக்கும். அது இருட்டா வெளிச்சமா என்று மட்டுமே சொல்லும், அளக்க உதவாது. ஏஓ உள்ளவற்றிலும் பலவற்றில் எல்டிஆர் ஜிஎன்டி பக்கம் இருக்கும், வெளிச்சம் கூடினால் எண் குறையும். அப்போது சூத்திரம் தலைகீழாகும்: மின்தடை = ரெசிஸ்டர் × எண் ÷ (1023 − எண்).

உண்மையான லக்ஸ் தினமும் வேண்டும், அளவுத்திருத்தத்துக்கு நேரமில்லை என்பவர்கள் பிஎச்1750 உணரியை வாங்கிவிடுங்கள். ஐ2சி என்ற தகவல்தொடர்பு முறையில் நான்கு வயரில் இணையும், 65,535 லக்ஸ் வரை நேராக லக்ஸிலேயே எண் கொடுக்கும். எல்டிஆரை ஒப்பிட்டுத் திருத்தவும் அதுவே நல்ல துணை. கெட்டுப்போன எல்டிஆர்களைக் குப்பையில் போடாமல் மின்கழிவோடு சேருங்கள். உள்ளே இருக்கும் காட்மியம் நச்சு உலோகம்.